நான்காவது காதல் கதைக்கு ஆள் பிடித்த கதை

1. கொழுந்து மலையில் பட்டுச்சேலை

"அக்கா, இது என்ன கல்யாண வீடா?"

படப்பிடிப்பின் முதல் நாள் காலையிலேயே டைரக்டர் என்னைப் பார்த்துக் கத்திய கத்து இது. லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தோம். ஊவா மாகாணத்துக்கு வருகிற படக் குழுக்களுக்கு ஆளும் இடமும் பிடித்துக் கொடுப்பது என் தொழில். இந்தப் படம் நான்கு காதல் கதைகள் சேர்ந்தது. கொழும்பில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று, காலியில் ஒன்று, நான்காவது எங்கள் தோட்டத்தில். எல்லாச் சமூகமும் திரையில் வரவேண்டுமாம். டைரக்டர் கொழும்புத் தமிழ்ப் பையன். வாயைத் திறந்தால் டைவர்சிட்டி, ரெப்ரசன்டேஷன். நானும் நம்பித்தான் இறங்கினேன்.

பின்னணியில் கொழுந்து பறிக்க தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் பெண்களை வரச் சொல்லியிருந்தோம். எப்போதும் போல வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். வந்தார்கள். பட்டுச்சேலை, முகமெல்லாம் பவுடர், தலை நிறையப் பூ! கொழுந்துக் கூடையைக்கூடக் கழுவிக் கொண்டுவந்திருந்தார்கள்.

"படம் புடிக்கிறாங்கன்னா நல்லா உடுத்திக்கிட்டு வரவேணாமா? மலைக்குப் போற மாதிரி இடுப்புல படங்குச் சாக்கக் கட்டிக்கிட்டா வருவாங்க? கட்டார்ல வேலை செய்ற எம் மகன் பாப்பான்ல!" என்றார் லெச்சுமி. கதாநாயகியாக நடிக்கிற பெண்ணின் சொந்த அம்மா.

"நாங்க உங்கள உள்ளபடி காட்டத்தான் வந்திருக்கம்," என்றார் டைரக்டர்.

"எங்ககிட்ட பட்டுச்சேலை இருக்கிறதும் உள்ளதுதானுங்களே?"

கொழும்பிலிருந்து கொண்டுவந்த கிழிந்த சேலைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2. மேக்கப்

லெச்சுமியின் மகள் கோகிலா பதுளை பஜாரில் ஃபோன் கடையொன்றில் வேலை செய்கிறாள். கோயில் திருவிழா நாடகத்தில் அவள் நடித்ததைப் பார்த்து நான்தான் சிபாரிசு செய்தேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் குறுக்கே நின்றார்கள். லெச்சுமி ஒருவர்தான் சம்மதித்தார். "எம் புள்ள மூஞ்சி தியேட்டர்ல பெருசா வரணும். அத நான் கண்ணால பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்," என்றார்.

அந்த முகத்தில்தான் மேக்கப்காரர் கறுப்பு அப்பிக்கொண்டிருந்தார். கழுத்து, கை, காது மடல் எதுவும் மிச்சமில்லை.

"என்ன தம்பி இது?" என்று டைரக்டரிடம் கேட்டேன்.

"எஸ்டேட் பொண்ணு எண்டு பாக்கிறவங்களுக்குத் தெரியணுமே அக்கா."

"அட கடவுளே, அவ எஸ்டேட்லயே பொறந்தவ தம்பி!"

"கன்வின்சிங்கா இல்லக்கா."

கோகிலா கண்ணாடியைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னாள்: "நான் நானா இருந்தா நம்ப மாட்டாங்களாம். பின்ன யாரா இருக்கணும்னு கேட்டுச் சொல்லுங்கக்கா."

எழுந்து போய்விடலாம் என்றேன். போனால் கொழும்பு மொடல் ஒருத்தி வருவாள், அம்மா பாவம் என்றாள். அம்மாவைப் படப்பிடிப்புப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்பிய கறுப்போடு போய்க் காதலித்தாள்.

3. டப்பிங்

படப்பிடிப்பு முடிந்தபின் கொழும்பிலிருந்து டைரக்டரின் ஃபோன் வந்தது. "கோகிலாட வொய்ஸ்ல எஸ்டேட் ஃபீல் இல்லக்கா. வேற ஆள வெச்சு டப் பண்ணிட்டம்." தொண்டை வற்றும்வரை சண்டை போட்டேன். சுவரோடு பேசியிருக்கலாம்.

4. மெட்னி ஷோ

பதுளையில் படம் வந்தபோது லெச்சுமிக்கும் கோகிலாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். நான்காவது கதை ஓடியது. கறுத்த பெண் ஒருத்தி, கிழிந்த சேலையில், யாரோ ஒருத்தியின் குரலில் அழுதாள். கடைசியில் செத்தும் போனாள். மற்ற மூன்று கதைகளிலும் ஜோடிகள் சேர்ந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லெச்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"பாவம், அந்தப் புள்ள. எம் புள்ள எப்பங்க வருவா?"

கோகிலா என்னைத் தாண்டிக் கையை நீட்டி அம்மாவின் கையைப் பிடித்தாள். "இனிமே வரமாட்டேம்மா. எந்திரி, வீட்டுக்குப் போவோம்."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். எங்கள் ஆட்களைக் காட்டப்போகிறோம் என்று யார் வந்தாலும், முன்பணம் வாங்குவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "படத்தப் பாத்தா பெத்தவளுக்கு அடையாளம் தெரியுமா?" நான் இப்போது கேட்கிறேன். கேட்டதும் எழுந்து போகிற படக்காரர்கள் உண்டு. போகட்டும்.