அலமாரி அக்கா

"தலையை அந்தக் கோட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவுல வச்சுக்கோ. எதிரொலியைத் துணி குடிச்சிடும், நீ பாட்டுக்குப் பாடு" என்று பாட வந்த பெண்ணைத் துணி அலமாரிக்குள் நிறுத்தி, கதவைப் பாதி சாத்துகிறார் அக்கா. எங்கள் கட்டடத்தில் அவருக்கு அலமாரி அக்கா என்றுதான் பெயர். பகலில் தையல் கடை. சாயங்காலம் படுக்கையறையில் பாட்டுப் பதிவு. சொத்தென்று பார்த்தால் இரைச்சல் போடும் ஒரு பழைய லேப்டாப், ஒரு மைக், டேப் சுற்றிய ஹெட்போன்.

குரல், கிடார், டிரம் என்று தனித்தனியாகப் பதிவானதை ஒரே பாட்டாகக் கலப்பார். கலந்ததைச் சோதிக்கும் விதம்தான் வேடிக்கை. பாட்டைச் சன்னமாக ஓடவிட்டு, சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்ப்பார். "குழாய்ச் சத்தத்தை மீறி வார்த்தை புரியணும். புரியலைன்னா நான் கலந்தது கஞ்சி." பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் என்னையும் கேட்பார். "நல்லாருக்குக்கா" என்றால் போச்சு. "பாட்டு நல்லாருக்கா, எனக்காக நல்லாருக்கா?"

அவருடைய கொழுந்தன் தங்கமான பிள்ளை. கருவிப் பைத்தியம் ஒன்றுதான் குறை. புதுப்புதுப் பெட்டியாக வந்து இறங்கும், அவன் பாட்டு ஒன்றும் முடிந்தபாடில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் வாயெடுத்தால், "சும்மா இருடி, எனக்காகவும்தான் வாங்குறான்" என்று அக்கா அடக்கிவிடுவார்.

போன சனிக்கிழமை ஐந்து மணிக்குள் ஒரு வானொலி நிலையத்துக்கு மாதிரிப் பாட்டு அனுப்ப வேண்டியிருந்தது. பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க வேலை. தையல் மெஷினுக்கு முழுக்குப் போடலாம். "என் இடுப்பு பொழைச்சுக்கும்" என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குக் கொழுந்தன் புதுப் பெட்டியோடு வந்து நின்றான். "குரல் இதுக்குள்ள ஒருதடவை போய் வரட்டும் அண்ணி, உயிர் வந்துடும்." வயர்களைச் செருகினான், பெட்டியில் விளக்கெரிந்தது. பாட்டை ஓடவிட்டுப் பெட்டியின் குமிழ்களைத் திருகினான், திருகினான், அப்படித் திருகினான்! "இப்ப எப்படி? வெண்ணெய் மாதிரி இல்ல?"

"ஆமா தம்பி, இழைஞ்சுதான் வருது" என்றார் அக்கா. எனக்கும் அப்படித்தான் பட்டது.

அவன் சந்தோஷமாக டீ வாங்கக் கீழே போனான். உருண்டு விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்த அக்கா அப்படியே நின்றார். பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே போகவேண்டிய வயர் மேஜைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்ததே தவிர, பாட்டு அந்தப் பெட்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "நானும் ஆமான்னேனேடி. இந்தக் காதை நம்பியா கடையை விடப்போறேன்?" முகம் அப்படியே வாடிவிட்டது. ஏன் சிரித்தோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, முதலிலிருந்து கேட்டார். கிடாரை ஒரு மயிரிழை குறைத்தார். மறுபடி கேட்டார். "இது நான் கலந்ததுதான். இழைஞ்சுதான் வருது" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு, ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் அனுப்பிவிட்டார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா சட்டென்று மண்டியிட்டு, மேஜைக்குப் பின்னால் கைவிட்டு, அந்த வயரைத் துழாவி எடுத்துப் பெட்டியில் செருகினார்.