கால் கிலோ வெள்ளி

டீச்சர் முதலில் கறுப்புக் கயிற்றைக் கட்டுகிறார். பிள்ளையின் இடுப்பில் ஒரு சுற்று, தளர்வாக ஒரு முடிச்சு. அதற்குப் பிறகுதான் வெள்ளி அரைஞாணில் கை வைக்கிறார். பிள்ளை ஒரு நிமிடம்கூட வெற்று இடுப்போடு இருக்கக்கூடாது என்பது இங்கே தாய்மார்களின் பிடிவாதம். "கயிறு ஏறிருச்சு, இனி கழத்தலாம்ல?" என்று கேட்டுவிட்டு, அரைஞாண், தண்டை, காப்பு, தாயத்து என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைக்குட்டையில் போட்டு, தாயின் உள்ளங்கையிலேயே முடிந்து கொடுக்கிறார். அதன் பிறகுதான் பிள்ளை எடை மெஷினில் ஏறும்.

சொர்ணம் டீச்சருக்கு ஐம்பத்தேழு வயது. ஜெகதாப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குடியிருப்பில், அங்கன்வாடியில் இருபத்து மூன்று வருடமாக வேலை. அதே காம்பவுண்டில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு வேப்பமரமும் ஓர் அடிபம்பும்தான். என் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் அவர்தான் தெரிவார்.

முட்டை விஷயத்தில் அவர் ராட்சசி. அங்கன்வாடி முட்டை வாசலைத் தாண்டக்கூடாது. வீட்டுக்குப் போனால் அண்ணனுக்குப் பாதி, பக்கத்து வீட்டுக்குக் கால் என்று பங்காகி, வரவேண்டிய வாய்க்கு வராது என்பது அவர் கட்சி. மஞ்சள்கருவைப் பிள்ளைகள் நைசாகக் கோழிக்குப் போட்டுவிடும் என்பதால் அதை உதிர்த்துச் சாம்பார் சோற்றோடு பிசைந்துவிடுவார். "தின்னுட்டு வாயத் தொறந்து காட்டிட்டுப் போ." பிள்ளைகள் வரிசையாக நின்று ஆவென்று காட்டும். ஒரு தடவை கல்வி அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்து, தன் பேத்திக்கு என்று விளையாட்டாக ஒரு முட்டை கேட்டார். "பேத்தியக் கூட்டியாங்க, இங்க உக்காந்து திங்கட்டும்" என்றார் டீச்சர். அந்த மனிதர் முகம் போன போக்கை நான் ஜன்னலில் நின்று ரசித்தேன்.

ஒரு காலத்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இருந்த இடம். இப்போது பதிவேட்டில் பதினொன்று, தரையில் ஏழு. மற்றதெல்லாம் வேனில் ஏறி எல்.கே.ஜி. போகிறது. உதவியாளர் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது, ஆள் போடவில்லை. சமைப்பதும் இவர், கழுவுவதும் இவர், பாட்டுப் பாடுவதும் இவர். ஐந்து வயதில் இங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளை, பத்து வயதில் அவரைத் தாண்டிப் போகும்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டு வயதில் யார் ஊட்டினார்கள் என்று எந்தப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும்? நியாயம்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வரும்.

டீச்சருக்குச் சொந்த ஊர் அரிமளம் பக்கம். ஐஸ் பிளான்டில் வேலை பார்த்த புருஷனோடு கடற்கரைக்கு வந்தவர். புருஷன் இறந்து பதினோரு வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. பிளான்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. சாயங்காலம் ஐஸ் உடைக்கும் மெஷின் சத்தம் நின்றபிறகுதான் டிவி போடுவாராம், அதுவும் பேச்சுக்குரல் கேட்கட்டும் என்றுதான். அவர் தனியாக இருக்கிறார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கறுப்புக் கயிறு மூன்று வருடத்துக்கு முன்னால் வந்தது.

ஷர்லி என்று ஒரு பெண். புருஷன் பிராங்க்ளின் பஹ்ரைனில் இருக்கிறான். அவர்கள் தலைப்பிள்ளை பெலிக்ஸுக்குத் தாய்மாமன் வெள்ளியாக இழைத்திருந்தார். வேளாங்கண்ணியில் மொட்டை போடும்வரை ஒன்றையும் கழற்றுவதில்லை என்று நேர்த்தி. டீச்சர் அதை மதித்தார். வெள்ளி மிஞ்சிப்போனால் நூறு கிராம் இருக்கும் என்று மனதுக்குள் கழித்துக்கொண்டு எடையை எழுதினார். வளர்ச்சி அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை உண்டு. சிவப்பில் விழும் பிள்ளையை உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். எடை பார்த்த முதல் மூன்று மாதமும் பெலிக்ஸ் மஞ்சளின் ஓரத்திலேயே நின்றான்.

நான்காவது மாதம் வயிற்றுப்போக்கு. பாலும் கொடுக்காதே, தண்ணீரும் கொடுக்காதே என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் காயப்போட்டுவிட்டார்கள். டீச்சர் சேதி தெரிந்து ஓடி, உப்பு சர்க்கரைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டே புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே நர்ஸ் கேள்வியே கேட்காமல் வெள்ளியையெல்லாம் கழற்றிவிட்டுப் பிள்ளையை நிறுத்தார். அப்புறம் அந்த வெள்ளியையும் அதே மெஷினில் வைத்தார். இருநூற்றைம்பது கிராம். பிள்ளை மாதக்கணக்காகச் சிவப்பில் கிடந்திருக்கிறான்.

இருபத்து மூன்று நாள் கழித்துப் பெலிக்ஸ் பிழைத்து வந்தான். ஆனால் சேர்த்த அன்று வார்டில் நாலு பேர் முன்னால் ஷர்லி சொன்ன சொல் அங்கேயே நின்றுவிட்டது.

"நீங்க ஒண்ணப் பெத்திருந்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

இதை டீச்சர்தான் என்னிடம் சொன்னார், பம்பில் பாத்திரம் கழுவிக்கொண்டே. தன் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் நூறுன்னு நெனச்சேன் சார்" என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

பெலிக்ஸ் இப்போது வேனில் போகிறான். காலை எட்டே முக்காலுக்கு வேன் எங்கள் வாசலில் திரும்பும். டீச்சர் அந்த நேரத்துக்கு விளக்குமாற்றோடு வாசலில் நிற்பார். கூட்டிய இடத்தையே கூட்டுவார். வேன் போனதும், "கன்னம் போட்டிருக்கு சார்" என்பார். அந்தப் பையனுக்கு இவர் யாரென்றே தெரியாது.

இந்த வருடம் வேறு கவலை வந்தது. ஷர்லிக்கு இரண்டாவது ஒரு பெண், ஜெனிட்டா. பதினான்கு மாதம். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் தாயின் இடுப்பில் அதைப் பார்த்துவிட்டு வந்த டீச்சர், நேராக என் ஜன்னலுக்கு வந்தார். தொடைத் தோல் தொங்குகிறது, டீயில் பன்னை நனைத்துத்தான் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்றார். இரண்டு தடவை வீட்டுக்குப் போயிருக்கிறார். இரண்டு தடவையும் கதவு சாத்தியிருந்தது. "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார். ஒங்க மேல கோவம் இல்லைல."

எனக்கு அடுத்த வீட்டு விவகாரத்தில் தலை கொடுக்கும் பழக்கம் கிடையாது. ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். பிறகு மீன் வாங்கப் போன இடத்தில் ஷர்லியைப் பார்த்து, டீச்சர் இப்போதெல்லாம் கயிறு கட்டி, வெள்ளியைக் கழற்றிவிட்டுத்தான் எல்லாப் பிள்ளையையும் நிறுக்கிறார் என்று சொன்னேன்.

"அது எம் பிள்ளைக்குப் பெறகுதானே சார்" என்றது அந்தப் பெண்.

மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். டீச்சரிடம் போய், சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

போன மாதம் எடை பார்க்கும் நாள். ஒன்றரை மணி, வந்த பிள்ளைகளெல்லாம் போய்விட்டன. டீச்சர் மெஷினைத் துணி போட்டு மூடப்போன நேரம், ஜெனிட்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷர்லி வாசலில் வந்து நின்றது. உள்ளே வா என்று இவர் கூப்பிடவில்லை. நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

டீச்சர் டப்பாவிலிருந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிள்ளையின் சட்டையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். இடுப்பில் ஏற்கெனவே கறுப்புக் கயிறு. கழுத்தில், கையில், காலில் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறது அந்தப் பெண்.

மூன்று தடவை நிறுத்தார். ஆறு கிலோ தொள்ளாயிரம். மஞ்சள்தான், சிவப்பில்லை. ஆனாலும் நாளைக்கே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்றார். டீயை நிறுத்து, சோற்றில் ஒரு கரண்டி எண்ணெய் விடு, ஏலத்துக்குப் போகாத பொடிமீனில் முள் பார்த்து ஊட்டு, சளி என்றால் கடையில் கேட்டு மருந்து வாங்காதே என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனார். ஷர்லி சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டது.

"நாளைக்கு நீங்களும் வாரீங்களா டீச்சர்?"

"வாரேன்" என்றார்.

ஷர்லி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. டீச்சர் கைக்குட்டையை எடுத்தார். அதில் போட வெள்ளி இல்லை. அடுப்படிக்குப் போய், அன்று வராத பிள்ளைக்கு வைத்திருந்த முட்டையை எடுத்து வந்து அதில் வைத்தார். ஷர்லியின் கையைப் பிடித்து விரித்து, அந்த உள்ளங்கையிலேயே வைத்து முடிந்து கொடுத்தார்.