அவர் சொன்ன “போயிட்டு வரேன்”

என் கணவர் பொய் சொல்வதில்லை. இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் எங்காவது உளறி மாட்டிக்கொண்டிருப்பார். நானும் கொஞ்சம் முன்னாலேயே விழித்துக்கொண்டிருப்பேன்.

கனடாவுக்குப் போவது என்று முடிவானபோது இருவருமே வேலையில் இருந்தோம். நான் மயிலாப்பூரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. அரசு உதவி பெறும் பள்ளி, நிரந்தரப் பணியிடம். அந்த இடம் கிடைப்பதற்கு முன் எத்தனை வருஷம் தற்காலிக டீச்சராக லோல்பட்டேன் என்பது எங்கள் பங்குக் கோவிலில் எல்லோருக்கும் தெரியும். அவர் ஆழ்வார்பேட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர்.

வேலையை விடாமல் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துப் பார்க்கலாமா என்று நான்தான் முதலில் கேட்டேன். அவர் சிரித்தார்.

“இங்க ஒரு வேலைய வெச்சிக்கிட்டு அங்க போனா மனசு ஒட்டாது. முதல் குளிருக்கே நீ டிக்கெட் பாக்க ஆரம்பிச்சிடுவ. எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா கிளம்பு.”

“நீங்க?”

“நான் போன வாரமே எழுதிக் குடுத்துட்டேனே.”

அந்தத் தைரியத்தில் நானும் எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியை சிஸ்டர் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை யோசிச்சிப் பாரும்மா, இந்தப் போஸ்ட் போனா போனதுதான்” என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அழுததில் எனக்கும் மூக்கு சிவந்துபோனது.

தன் அலுவலகத்தில் பிரிவு உபசாரமெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அவர் சொன்னார். கடைசி நாள் என்னையும் அங்கே அழைத்துப்போனார். ஒவ்வொரு மேசையாக நின்று, “போயிட்டு வரேன் சார்”, “போயிட்டு வரேன் மேடம்” என்றார். அவர்களும் “நல்லபடியா போயிட்டு வாங்க” என்றார்கள். இத்தனை வருஷம் உட்கார்ந்த நாற்காலியை ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் விட்டுவிட்டு வருகிறாரே, எனக்காக எவ்வளவு அடக்கிக்கொள்கிறார் என்று அவர் பின்னாலேயே நடந்தபடி நான் உருகினேன். இன்று நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

பள்ளியில் வருஷா வருஷம் இலக்கணத்தில் தகுதி வழக்கு நடத்துவேன். உள்ளதை உள்ளபடி சொன்னால் இயல்பு வழக்கு, நல்லதாக மாற்றிச் சொன்னால் தகுதி வழக்கு. விளக்கை அணை என்று சொல்லாமல் குளிரவை என்று சொல்வது மங்கலம். பிள்ளைகளுக்குச் சுலபமாகப் புரிவதற்கு வீட்டு உதாரணம் ஒன்றும் கொடுப்பேன். வெளியே கிளம்பும்போது “போறேன்” என்று சொன்னால் அம்மா திட்டுவார்கள் அல்லவா, “போயிட்டு வரேன்” என்று சொல்கிறோம் அல்லவா, அதுவும் மங்கலம்தான். சொல்கிறவர் திரும்பி வருவாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. இதைப் பாடமாகவே நடத்தியவள் நான்.

டொரொண்டோவுக்கு வெளியே ஒரு வீட்டின் பேஸ்மென்டில் குடியேறினோம். தமிழ் டீச்சருக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும்? முதலில் ஒரு காபிக் கடையில் விடிவதற்கு முன் போய் ரொட்டி சுட்டேன். பிறகு சின்னப் படிப்பு ஒன்று படித்து, ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு விண்ணப்பித்தேன். அங்கே யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பலர் இருந்தார்கள். மறதி முற்றியதில் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழுக்குத் திரும்பியிருந்தவர்கள். தமிழ் தெரியும் என்பதற்காகவே என்னை எடுத்துக்கொண்டார்கள். குளிப்பாட்டுவேன், சோறு ஊட்டுவேன், துணி மாற்றுவேன். இடுப்பு ஒடிந்துபோகும். ஆனால் வேலை முடிந்து கிளம்பும்போது அவர்களில் ஒரு அம்மா தவறாமல் “போட்டு வாங்கோ டீச்சர்” என்பார், நம் ஊர் ‘போயிட்டு வாங்க’தான். அந்த ஊரில் என்னை டீச்சர் என்று கூப்பிட்டவர் அவர் மட்டும்தான்.

என் கணவர் வேலை தேடிக்கொண்டிருந்தார். கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள் என்றால் முதுகு ஒத்துழைக்காது. கடையில் என்றால் தன் அனுபவத்துக்கு ஏற்றது வரட்டும் என்பார். நான் திரும்பி வரும்போது கம்பளியைப் போர்த்திக்கொண்டு மடிக்கணினியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் அம்மா போனில் குறைபட்டபோதுகூட, “ஆபீசரா இருந்தவரும்மா, எல்லாத்தையும் உதறிட்டு என்னோட வந்திருக்காரு” என்று சண்டைக்குப் போனேன்.

அவருடைய தங்கை கல்யாணத்துக்காகச் சென்னைக்கு வந்தோம். பூசை முடிந்து கோவிலை ஒட்டிய ஹாலில் விருந்து. பந்தியை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அவருடைய அலுவலகத்து உதவியாளர், பல வருஷமாக அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தவர், தட்டோடு என்னிடம் வந்தார்.

“இன்னா மேடம், நல்லா கீறீங்களா? சாரு ஜூன்ல வந்துடுவாருல்ல?”

“எங்க வந்துடுவாரு?”

“ஆபீசுக்குத்தான். அவரு சீட்டு அப்டியே கீது மேடம். டெய்லி நான்தான் தொடச்சிகினு கீறேன். புச்சா வந்த ஆபீசரு குந்தப் பாத்தாரு. லீவுல போனவரு சீட்டு சார், அதுல குந்தாதீங்கன்னு சொல்ட்டேன்.”

“லீவா?”

“லீவுதான மேடம். முடியப் போவுதே” என்றவர், நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துக் குழம்பி, “பிரியாணி சூப்பரா கீது மேடம்” என்று நகர்ந்துவிட்டார்.

மேடையில் என் கணவர் தங்கையின் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் பந்தியை முடித்தேன். ஒருவர் விடாமல் தாம்பூலப் பை கொடுத்தேன். கல்யாண வீட்டில் மானத்தை வாங்க வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மந்தைவெளியில், என் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டேன். அவர் இட்லியைப் பிட்டபடியே பதில் சொன்னார்.

“ரிசைன் பண்ணிட்டேன்னு நான் உன்கிட்ட என்னிக்காவது சொன்னேனா?”

“எழுதிக் குடுத்துட்டேன்னு சொன்னீங்க.”

“குடுத்தேனே. லீவ் லெட்டர். ஆபீஸ்லயும் உன்னைப் பக்கத்துல வெச்சிக்கிட்டுத்தான எல்லார்கிட்டயும் சொன்னேன், போயிட்டு வரேன்னு.”

அத்தை தேங்காய்ச் சட்னியோடு வந்தார். “ஆம்பளை கவர்மென்ட் வேலைய விடுவானாம்மா? உனக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் நினைச்சேன். நீ கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்.”

ஆக, அத்தைக்குத் தெரியும். நேற்று மாலை மாற்றிய தங்கைக்கும் தெரிந்திருக்கும். அலுவலகத்தில் மேசை துடைப்பவருக்குத் தெரியும். அவரோடு ஒரே கட்டிலில் படுத்து எழுந்த எனக்கு மட்டும் தெரியாது.

“நானும் லீவு போடறேன்னுதான கேட்டேன்? ஏன் என்னை மட்டும் விடச் சொன்னீங்க?”

“ரெண்டு பேரும் லீவுன்னா நீ அங்க முழு மனசா வேலை தேடியிருக்க மாட்ட. ஒருத்தராவது கால் ஊனிப் பாக்கணுமில்ல? சரிப்பட்டு வந்தா நானும் விட்டிருப்பேன்.”

அதாவது தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்க என்னை இறக்கிவிட்டு அவர் கரையில் நின்றிருக்கிறார். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

“நான் அதை மங்கலம்னு நினைச்சேன். நீங்க இயல்பு வழக்குல சொல்லியிருக்கீங்க.”

“என்ன வழக்கு? கோர்ட்டுக்குப் போகப் போறியா?” என்றார், நிஜமாகவே பயந்து.

ஜூனில் அவர் வேலையில் சேர வேண்டும், நானும் இங்கேயே இருந்துவிடலாம் என்றார். சிஸ்டரைப் போய்ப் பார், நல்லவங்கதானே, உன் வேலையைத் திரும்பக் கொடுப்பாங்க என்றார். போகக் கூடாது என்று நினைத்தும் போனேன். சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த இடத்துக்கு ஆள் வந்தாச்சேம்மா” என்றார். என் வகுப்பைத் தாண்டித்தான் வாசலுக்கு வர வேண்டும். உள்ளே சின்ன வயசு டீச்சர் ஒருத்தி கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தாள். கையெழுத்து அழகாகவே இருந்தது. அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். கச்சேரி சாலையில் நடக்கும்போதுதான் தெளிவானது. திரும்பி வர அவருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. எனக்கு இருப்பது கடல் தாண்டி அந்த முதியோர் இல்லம் மட்டும்தான். என் டிக்கெட்டை மாற்றாமல் வைத்துக்கொண்டேன். அவர் தன்னுடையதை ரத்து செய்தார்.

கிளம்பிய அன்று வாடகைக் கார் வாசலில் நின்றது. மாமாவிடம் “போயிட்டு வரேன் மாமா” என்றேன். அத்தையிடமும் அப்படியே சொன்னேன். அத்தை என் நெற்றியில் சிலுவை வரைந்தார். பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு என் கணவர் கார்க் கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

“போறேன்” என்றேன்.

“என்னம்மா பேச்சு இது, கிளம்பற நேரத்துல?” அத்தை பின்னாலிருந்து அதட்டினார். “போயிட்டு வரேன்னு சொல்லு.”

நான் திருத்திச் சொல்லாமல் காரில் ஏறி உட்கார்ந்தேன். அவர் கதவைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். இது என்ன வழக்கு என்று இந்தத் தடவை கேட்கவில்லை.