நாற்பது சென்ட்டுக்குப் பூஜ்யம்

இரண்டு வருடத்துக்கு முன், மார்கழிக் கடைசியில், சுந்தரபாண்டியத்தில் நடந்தது. நெல் பால் பிடிக்கிற நேரம். கண்மாயில் தண்ணீர் குறைந்துவிட்டது. மடையடியில் தினமும் சண்டை. ராஜபாளையம் நூற்பாலையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை என்பதால், யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று என்னையே கணக்குப் போடச் சொன்னார்கள். ஏக்கருக்கு மூன்று மணி நேரம். எல்லோருடைய நிலத்தையும் சென்ட்டில் கேட்டு எழுதி, நூறால் வகுத்து மூன்றால் பெருக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லி, பட்டியலை மடைச் சுவரில் ஒட்டினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நிற்கையில், என் வயலுக்குப் பக்கத்து வயல்காரப் பெண் ஓடி வந்தார். தனி ஆளாகப் பயிர் வைப்பவர்.

“அண்ணாச்சி, எம் பேருக்கு நேரா சைபர் போட்டிருக்கீகளே?”

“மெஷின் போட்ட கணக்கும்மா, தப்பாது. நீ நெலத்தைச் சரியாச் சொன்னியா?”

“நாப்பது சென்ட்டுன்னு நீங்கதான எழுதுனீக? எம்புட்டு நெலம் இருந்தா உங்க மெஷின் கண்ணுக்குத் தெரியுமாம்? மதியத்தோட மடைய அடைச்சிருவாக. பயிரு காஞ்சா அதுவா வந்து நட்டுக் குடுக்கும்?”

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். இதை எழுதும்போதே கூசுகிறது.

உட்கார முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். ஜன்னலோரம் மலை விடாமல் கூடவே வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து, நாற்பதை நூறால் வகுத்தேன். பூஜ்யம். நூற்றுப் பத்தை? ஒன்று. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் அந்த மென்பொருள் முழு எண்ணை மட்டும் தரும். மிச்சத்தைக் காதும் காதும் வைத்த மாதிரி விழுங்கிவிடும். மற்றவர்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஏக்கருக்குக் கீழே இருந்த ஒரே ஆளுக்கு எல்லாமே போயிருந்தது. நூறுக்குப் பின்னால் நான் ஒரு தசமப் புள்ளி வைத்திருந்தால் போதும், மிச்சமும் கணக்கில் வந்திருக்கும்.

ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். மடையில் என் முறைதான் ஓடிக்கொண்டிருந்தது. பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி, என் வாய்க்காலை அடைத்து அவர் பக்கம் வெட்டிவிட்டேன். மடை பார்ப்பவர் என் லேப்டாப் பையைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏலே, அந்தப் பொட்டியவும் சகதியில எறக்கு. அது செஞ்ச வேலைதான?”

அந்தப் பெண் சிரிக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. கடைசி மூலை நனையும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போதும் திரையில் ஒரு பூஜ்யம் வந்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. அதற்குப் பின்னால் யாரோ நாற்பது சென்ட்டோடு மடையடியில் நிற்கிற மாதிரியே இருக்கிறது.