வெறும் வயிறு என்று நான் போட்ட டிக்

அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில், மலைமேல் இருக்கும் ஒரு சின்ன ஊர் என்று சொன்னால் போதும். நடந்ததில் அந்த ஊர்க்காரர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாகப் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். வீடு பட்டாபிராமில். கணவர் மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். ஒரே மகள், பிளஸ் டூ படிக்கிறாள். எங்கள் மருத்துவமனைக்கு வாரம் இரண்டு நாள் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் அம்மா வருவார். உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தைகளுக்கு அவர் தையல் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவர்தான் ஒருநாள் கை கழுவிக்கொண்டே கேட்டார்:

"சிஸ்டர், பன்னெண்டு நாள் லீவு கெடைக்குமா? ஆப்பிரிக்காவுல ஒரு கேம்ப். சம்பளம் கெடையாது. டிக்கெட்டும் சாப்பாடும் அவங்க பாத்துப்பாங்க."

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இங்க இல்லாத பேசன்டா அங்க கீறாங்க?" என்றார். பிறகு, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், "போய்ட்டு வாமே. நீ இதுவரைக்கும் திருப்பதியைத் தாண்டுனது இல்ல" என்றார். நான் போனேன்.

அங்கே பள்ளிக்கூடம் ஒன்றை ஒட்டிய அரசு மருத்துவமனையில்தான் முகாம். ஆட்கள் இரண்டு நாள் நடந்தே வந்திருந்தார்கள். தாய்மார்கள் குழந்தைகளின் வாயைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். எங்கள் குழுவில் ஒன்பது பேர். நர்ஸ் நான் ஒருத்திதான். அந்த மருத்துவமனையில் உள்ளூர் நர்ஸுகள் இருவர் இருந்தார்கள், அவர்களுக்கு வார்டு வேலையே சரியாக இருந்தது. மொழிபெயர்க்க அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் வந்திருந்தார். இருபத்தைந்து வயதுப் பெண், நிதானமான ஆங்கிலம். நான் சொல்வதை அவர் மொழியில் சொல்லி, அந்தத் தாய் கேட்கும் கேள்வியை எனக்குத் திருப்பிச் சொல்வார். ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடம் ஆகும்.

மூன்றாம் நாள் பிற்பகல், மறுநாள் ஆபரேஷனுக்கான குழந்தைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தாள். அதில் ஒரு கட்டம்: 'வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று தாய்க்கு விளக்கப்பட்டது.' விளக்கிவிட்டு அதில் டிக் போட வேண்டியது என் வேலை. பாதி வரிசையில் டீச்சரை வேறொரு டாக்டர் கூப்பிட்டுக்கொண்டார். இன்னும் பதினோரு பேர் நின்றார்கள். வெயில் வேறு. அவர் வரட்டும் என்று காத்திருந்திருக்கலாம். நான் காத்திருக்கவில்லை.

அடுத்து நின்றவளுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. உதடு மூக்குவரை பிளந்திருந்தாலும் அது என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் கையால் சோறு அள்ளுவதுபோல் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பால் குடிப்பதுபோல் காட்டி, வேண்டாம் என்றேன். கையில் கன்னத்தை வைத்துத் தூங்கிக் காட்டினேன், விடியலைக் காட்ட ஜன்னலைக் கைகாட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். தலையாட்டினாள்.

அது புரிந்து ஆட்டிய தலை இல்லை. இத்தனை வருடத்தில் எத்தனை தலையாட்டலைப் பார்த்திருப்பேன், எனக்குத் தெரியாதா? வெள்ளைக் கோட்டுப் போட்டவர் முன்னால் மரியாதைக்கு ஆட்டிய தலை அது. தெரிந்தேதான் டிக் போட்டேன். அடுத்த குழந்தையைக் கூப்பிட்டேன்.

மறுநாள் காலை அந்தக் குழந்தைதான் இரண்டாவது கேஸ். மயக்க மருந்து டாக்டர் முகமூடியை வைத்தார், குழந்தை கண்ணை மூடியது. தொண்டையில் குழாயை இறக்கப் போகும்போது வெள்ளையாக எதுவோ பொங்கி வந்தது. கஞ்சி.

"சக்ஷன்! சக்ஷன் குடுங்க சிஸ்டர்!"

உறிஞ்சும் குழாயைக் கொடுத்தேன். குழந்தையை ஒருக்களித்துப் பிடித்தோம். மானிட்டரின் சத்தம் இறங்கிக்கொண்டே போனது. ஆக்சிஜன் குறையக் குறைய அந்த ஒலி தடித்துக்கொண்டே வரும்; எந்தத் தியேட்டர் நர்ஸும் அதைத் தூக்கத்தில் கேட்டால்கூட எழுந்துவிடுவாள். குழந்தையின் நகமெல்லாம் நீலம் பாய்ந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு ஒலி மெல்ல ஏறியது. கஞ்சி நுரையீரலுக்குள் போயிருந்தது. ஆபரேஷனைக் கைவிட்டு, அந்த மருத்துவமனையில் இருந்த ஒரே வென்டிலேட்டரில் குழந்தையை வைத்தார்கள்.

வெளியே அந்தப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். மயக்க மருந்து டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் பயத்தில் அவர் குரல் உயர்ந்துவிட்டது. டீச்சரைக் கூப்பிட்டு, காலையில் என்ன கொடுத்தாள் என்று கேட்கச் சொன்னார். அந்தப் பெண் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். விடியும்போது குழந்தை அழுதது, கொஞ்சம் கஞ்சி கொடுத்தேன் என்றாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், நீங்க சொன்னீங்கதானே?"

"சொன்னேன் சார்."

சொன்னேன் என்பது உண்மைதான். எந்த மொழியில் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டீச்சர் மட்டும் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் தான் என் பக்கத்தில் இல்லை என்று அவருக்குத் தெரியும். அவரும் வாய் திறக்கவில்லை. டாக்டர் சொன்னதை அந்தத் தாயிடம் அப்படியே மொழிபெயர்த்தார்: சொன்னதைக் கேட்காமல் நீ கொடுத்ததால்தான் இப்படி ஆயிற்று. அவள் அழவில்லை. கஞ்சி கொடுத்த தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து நாலாம் நாள் வென்டிலேட்டர் குழாயை எடுத்தார்கள். குழந்தை தானாக மூச்சு விட்டது, ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. எங்கள் பன்னிரண்டு நாள் முடிந்துவிட்டது. நாங்கள் பஸ் ஏறும்போதும் அது ஆக்சிஜனில்தான் இருந்தது. மற்ற குழந்தைகளெல்லாம் தைத்த உதட்டோடு வாசல்வரை வந்து கையசைத்தார்கள்.

ஊருக்கு வந்தால் எங்கள் தெரு முனையில் பேனர். தெரு நலச் சங்கத்தார் வைத்தது. என் பழைய போட்டோவைப் போட்டு, கடல் கடந்து சேவை செய்த எங்கள் தெருவின் சகோதரி என்று எழுதியிருந்தார்கள். மருத்துவமனையில் சால்வை போர்த்தினார்கள். எதிர்வீட்டு அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னாடி, சிங்கம்லாம் பாத்தியா?" என்றாள். எல்லாரிடமும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்தால் சோறு இறங்கவில்லை.

"இன்னாமே, வந்ததுல இருந்து ஒரு மாதிரியாவே கீற?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்லய்யா. தண்ணி ஒத்துக்கல."

மூன்று வாரம் கழித்து டீச்சரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. குழந்தை வீட்டுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். இனி இதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்றுகூட நினைத்தேன்.

அடுத்த மாதம் முகாம் அறிக்கை மெயிலில் வந்தது. வேலைக்குப் போகும் ரயிலில், இந்துக் கல்லூரி ஸ்டேஷன் தாண்டும்போது போனில் படித்தேன். இத்தனை ஆபரேஷன், இத்தனை குழந்தைகள் என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'ஒரு குழந்தைக்கு, தெளிவாக அறிவுறுத்தியும் தாய் உணவு கொடுத்ததால் சிக்கல் ஏற்பட்டது.' லேடீஸ் பெட்டியில் ஒருத்தி முறுக்கு விற்றுக்கொண்டு போனாள். 'தெளிவாக' என்ற அந்த வார்த்தையிலேயே என் கண் நின்றது. அந்தத் தெளிவு என்னுடையது.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. நடக்காவிட்டால் நான் இன்னும் கொஞ்சநாள் தள்ளிப்போட்டிருப்பேன். எங்கள் மருத்துவமனைக்குத் திருமழிசை, அம்பத்தூர் எஸ்டேட்களில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்கள் நிறைய வருவார்கள். அன்று ஒரு பெண், நாலு வயது மகனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்ய வந்திருந்தாள். எங்கள் ஜூனியர் நர்ஸ் தாளோடு அவள் முன்னால் நின்று, தனக்குத் தெரிந்த இந்தியில், "கானா நஹி? கானா நஹி?" என்று கேட்டாள். அந்தப் பெண் தலையாட்டினாள். ஜூனியர் பேனாவைத் திறந்தாள்.

"இரும்மா, போடாத" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது.

கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி ஒடிசாக்காரர். அவரை மேலே வரச் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் காலையிலிருந்து என்னென்ன நடந்தது என்று முதலிலிருந்து கேட்கச் சொன்னேன். அவர் கேட்டார். அவள் நீளமாகப் பதில் சொன்னாள்.

"சாப்பாடு குடுக்கலயாம் சிஸ்டர்" என்றார் அவர், அரைகுறைத் தமிழில். "டீ மட்டும் குடுத்துச்சாம். ரெண்டு பன்னு."

ஜூனியர் என்னைப் பார்த்தாள். "நான் கேட்டனே சிஸ்டர், தலைய ஆட்டுச்சே" என்றாள். அவளை நான் திட்டவில்லை. திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளிவிட்டோம். கைகழுவும் இடத்தில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். இதே வார்டில் இதற்கு முன்னால் எத்தனை பேரிடம், மொழி தெரியாத எரிச்சலில், கத்திச் சொன்னால் புரியும் என்று நினைத்துக் கத்தியிருக்கிறேன் என்று யோசித்தேன். எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

அன்று சாயங்காலம் சர்ஜன் அம்மாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் ஆங்கிலம் கேஸ் ஷீட்டுக்கு மட்டும்தான் பத்தும். மகளைத்தான் கூப்பிட்டேன். நான் தமிழில் சொல்ல, அவள் டைப் அடித்தாள். டீச்சர் இல்லாமல் நான் சைகை காட்டிய இடத்துக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"நீ காட்டுனது அவங்களுக்குப் புரியலன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

அடித்ததை மேலிருந்து ஒருமுறை படித்தாள். பிறகு, "டிக் போடப்பட்டதுன்னு எழுதட்டாம்மா? பாசிவ் வாய்ஸ்ல எழுதுனா யாரு போட்டாங்கன்னு வராது. கிராமர் கரெக்டாத்தான் இருக்கும்" என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிக் கேட்டாள்.

"வேணாம். நான் போட்டேன்னு எழுது."

எழுதினாள். முடித்ததும், "அந்தப் பாப்பா இப்ப எப்டிம்மா இருக்கு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். வீட்டுக்குப் போய்விட்டது என்ற ஒரு வரியோடு நான் விட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

கணவர் வாசல்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "வேலைக்கு எதுனா ஆவாதுல்ல?" என்றார். ஆகலாம் என்றேன். "ஆனா ஆவட்டும். சோறாவது ஒயுங்கா துன்னு" என்றார்.

இரண்டு நாள் கழித்து சர்ஜன் அம்மா போன் செய்தார். சுருக்கமாகத்தான் பேசினார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்" என்றார். "அந்தப் பொண்ணை நாங்க எல்லாரும் அப்படி நிக்க வச்சுட்டோமே." ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அறிக்கையில் அந்த வரியை மாற்றினார்கள். டீச்சர் அந்தத் தாயின் ஊருக்கே போய், அவளிடமும் வீட்டாரிடமும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடானது.

டீச்சர் போய்விட்டு வந்து எனக்கு நீளமாக எழுதினார். குழந்தை நடக்கிறதாம், ஓடினால் மட்டும் மூச்சு வாங்குகிறதாம். உதடு அப்படியேதான். குழந்தைக்கு நேர்ந்ததைச் சொல்லிச் சொல்லிக் கணவன் வீட்டார் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். டீச்சர் அங்கும் போனார், கணவன் வீட்டுக்கும் போனார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் வந்து அவளைக் கூட்டிப்போகவில்லை. அந்தத் தாய் என்ன சொன்னாள் என்று கேட்டு எழுதினேன். என்மேல் கோபப்பட்டாளா என்று கேட்க நினைத்து, அதை அழித்துவிட்டேன்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: மறுபடியும் வந்தால், எந்த வேளையிலிருந்து கொடுக்கக்கூடாது? தண்ணீரும் கூடாதா? தாய்ப்பால்? டீச்சர் ஒவ்வொன்றாகச் சொல்ல, திருப்பிச் சொல்லிக் காட்டினாளாம்.

அடுத்த முகாம் மழைக்காலம் முடிந்ததும் அங்கேயே நடக்கிறது. என்னைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழுவில் பேச்சு நடந்திருக்கிறது. போன வாரம்தான் சர்ஜன் அம்மா, "வாங்க. ஆனா டீச்சர் பக்கத்துல இல்லாம ஒரு தாளும் நீங்க தொடக்கூடாது" என்றார். சரி என்றேன். குழந்தையின் நுரையீரல் மயக்க மருந்தைத் தாங்குமா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். அவள் வருவாளா என்றும் தெரியாது. வந்தாலும், என்னைப் பார்த்ததும் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு, இவள் வேண்டாம் என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் தள்ளி நின்றுகொள்வேன். மகள் அவர்கள் மொழியில் 'தப்பு என்னுடையது' என்பதை எப்படிச் சொல்வது என்று டீச்சரிடம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். மூன்று வார்த்தை. நடு வார்த்தை இன்னும் என் வாய்க்குச் சரியாக வரவில்லை.