அக்காவுக்கு வந்த இரங்கல்

மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் என் அக்கா ஓய்வுபெற்ற தமிழாசிரியை. சென்ற ஆண்டு பழைய மாணவர்கள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம் எடுத்து, அவருக்கு மாலை போட்டுப் பாராட்டினார்கள். மாணவி ஒருத்தி அன்றைய படத்தில் அக்காவை மட்டும் வெட்டியெடுத்து, "உங்களை என்றும் மறக்க மாட்டோம், டீச்சர்" என்று பேஸ்புக்கில் போட்டாள்.

மாலையோடு தனிப்படம், கீழே இப்படி ஒரு வரி. நம்மவர்களுக்கு வேறென்ன தோன்றும்? உள்ளூர்ச் செய்தி போடும் பக்கம் ஒன்று அதை எடுத்து, ஓரத்தில் குத்துவிளக்கைச் சேர்த்து, "ஆழ்ந்த இரங்கல்" என்று வெளியிட்டுவிட்டது. நம் சமூகச் செய்திகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வைப்பவன் நான். இறந்த நாள், வீட்டு முகவரி, தகனம் எங்கே என்று எதுவுமே இல்லாத மரணச் செய்தியை அன்றுதான் பார்த்தேன். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

மதியம் நான் அக்கா வீட்டில் இருந்தபோது அவருடைய தோழி காஜாங்கிலிருந்து அழுதுகொண்டே வந்தார். கதவைத் திறந்தது அக்கா. தோழி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாலை எங்கடி? வெறுங்கையோடயா வந்தே?" என்று அக்கா சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் உயிரோட இருக்கேன்னு அந்தப் பேஜ்காரனையே ஒரு வரி போடச் சொல்லு. அது போதும்."

பக்கத்தை நடத்தும் இளைஞரின் எண்ணைத் தேடிப் பிடித்தேன்.

"சாரி அங்கிள், டிலிட் பண்ணிட்டேன் லா."

"திருத்தம் போடுங்க தம்பி. முதல்லயே வீட்டுக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே?"

"போன் அடிச்சிட்டு உட்கார்ந்தா மத்த பேஜ்காரங்க முந்திடுவாங்க. திருத்தம் போட்டா எங்க பேர் கெட்டுடும் அங்கிள்."

பத்திரிகையில் வேலை செய்யும் நண்பரிடம் முறையிட்டேன். "நல்ல வேளை சொன்னீங்க, நாங்க நாளைக்குப் போடறதா இருந்தோம்" என்றார். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பதிவை நீக்கினாலும் அந்தப் படம் வாட்சாப்பில் சுற்றிக்கொண்டேயிருந்தது. தெரிந்தவர்களுக்கெல்லாம் நானே போன் செய்தேன். அக்காவோடு வேலை பார்த்த பெட்டாலிங் ஜெயா ஆசிரியர் மட்டும் நம்பவே இல்லை.

"பேஜ்லயே போட்டிருந்தாங்களே. நீங்க யாரு?"

போனை அக்காவிடம் கொடுத்தேன்.

"சார், நான்தான் பேசறேன். நல்லாத்தான் இருக்கேன்."

"இப்பல்லாம் குரலையே போலியா செய்றானுங்க. செத்தவங்களையுமாடா விட மாட்டீங்க?" என்று திட்டிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அக்கா அதே எண்ணை மறுபடியும் அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.