நோட்டீஸ் ஒட்டாத கோட்டை

நான் விளையாடும் மாயாஜால கேமில் கோட்டைச் சுவர்கள் மெழுகு தடவின மாதிரி இருக்கும். போன மாதம் பருத்திப்பட்டில் பாசி பிடித்த ஒரு காம்பவுண்டுச் சுவரைப் போட்டோ எடுத்து, அதைக் கேமின் சுவர்கள்மேல் தோல்போல ஒட்டும் டெக்ஸ்சர் மாட் ஒன்று செய்து இணையத்தில் போட்டேன்.

நேற்று ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டிருந்தார், கோட்டை முழுக்க எழுதியிருக்கும் மந்திரம் எந்த மொழி என்று.

பெரிதாக்கிப் பார்த்தேன். “நோட்டீஸ் ஒட்டாதீர்.”

சுவரில் மங்கியிருந்த எழுத்தை அழிக்க மறந்திருக்கிறேன். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கித்தான் கோட்டை எழும்புகிறது. அதனால் பத்தடிக்கு ஒரு ஒட்டாதீர்.

எழுத்தில்லாத இடமாக எடுக்கலாம் என்று இன்று காலை மறுபடி போனேன். ஒரே மாதத்தில் சுவரே தெரியாத அளவுக்குப் போஸ்டர். போனும் கையுமாக நிற்கையில் வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

“இன்னா சார், ரோடு அகலம் பண்றீங்களா? சொவுத்த இடிக்கப் போறீங்களா?”

பயந்துவிட்டார். இல்லை என்று சொல்லி, போனில் கோட்டையைக் காட்டினேன். திரையை விரலால் தள்ளித் தள்ளி வெகுநேரம் பார்த்தார்.

“அல்லா சொவுத்துலயும் நான் எய்தினதுதான் கீது. ஒரு நோட்டீஸ்கூட ஒட்டல பாரு சார். அந்த ஊரு ஜனங்க பட்ச்சவங்க.”

அந்த ஊரில் இருப்பது பூதங்களும் எலும்புக்கூடுகளும்தான். போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கோட்டையில் அந்த எழுத்தை அழிக்கட்டுமா, விட்டுவிடட்டுமா, நீங்களே சொல்லுங்கள்.